பள்ளிக்கரணையில் நம் பங்கு

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. மழை வலுப்பதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசை கட்டிவிட்டன. அபராதம் போடுகிறார்களாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அப்படி எதுவும் இல்லை என்று போலீஸ் விளக்கம் சொன்னது. அப்புறம் கேட்பானேன்! 2015 வெள்ளத்தில் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து, இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டியவர்கள் நாம். ஒன்பது வருஷத்தில் அந்த வெள்ளத்திலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு என்றால், மழைக்கு முந்தைய நாள் காரை எங்கே நிறுத்துவது என்பதுதான்.

நாம் என்று சொல்வது யாரை? தென்சென்னையில் மனையோ அடுக்ககமோ வாங்கியவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், ஓ.எம்.ஆர். என்ற பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்ப்பவர்கள், வாசலில் குப்பையை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள், அனுமதிக் கோப்பில் கையெழுத்திட்டவர்கள், இவற்றையெல்லாம் பத்திரிகையில் எழுதியவர்கள், எழுதாமல் விட்டவர்கள். இதை எழுதுகிறவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

மழைக்காலம் வந்தால் வாட்ஸப்பில் ஒரு வசனம் சுற்றும்: ஏரி நம் வீட்டுக்குள் வரவில்லை, நாம்தான் ஏரிக்குள் வீடு கட்டினோம் என்று. அதைப் பகிராதவர் இல்லை. பகிர்ந்தவர்களில் வீட்டை விற்றுவிட்டுப் போனவரும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரியும் இருக்கும், யாரும் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம் என்பது அந்த வசனத்தின் வசதி. பொத்தாம்பொதுவாக மன்னிப்புக் கேட்பது எளிது. பள்ளிக்கரணை விஷயத்தில் யார் யார் எதை எப்போது செய்தோம் என்று இனம் பிரித்துச் சொன்னால்தான் உறைக்கும்.

முதலில் அந்த இடம் என்ன என்று பார்த்துவிடலாம். அதன் கரையிலேயே இருபது வருஷமாகக் குடியிருப்பவர்களில் பலருக்கும் அது ‘குப்பைமேட்டுப் பக்கத்துத் தண்ணி’ என்ற அளவில்தான் பழக்கம்.

மேற்கே பல்லாவரம், திரிசூலம் குன்றுகள். கிழக்கே கடலோர மணல்மேடு. இரண்டுக்கும் நடுவே, கடல்மட்டத்தைவிடச் சில மீட்டர் மட்டுமே உயரத்தில், தட்டையாகக் கிடக்கும் பள்ளம் இது. சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை இங்கேதான் வந்து சேர வேண்டும். அதுவும் ஒரே ஓட்டமாக வருவதில்லை. கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக நாராயணபுரம் ஏரிக்கு. அது நிறைந்தால் பள்ளிக்கரணைக்கு. ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பக்கத்து நீர் வீராங்கல் ஓடையில் வரும். தெற்கே பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் ஏரிகளின் உபரி வரும். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்றன் கையில் ஒன்று கொடுத்து அனுப்பும் தண்ணீருக்குக் கடைசி இருப்பிடம் இது.

வெளியேறும் வழி ஒக்கியம் மடுவு. துரைப்பாக்கத்தில் ஓ.எம்.ஆரைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. அங்கிருந்து நேர் கிழக்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில் கடல். ஆனால் மணல்மேடு குறுக்கே நிற்பதால், தண்ணீர் கால்வாயோடு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தெற்கே நடந்து முட்டுக்காட்டில் கோவளம் முகத்துவாரம் வழியாகத்தான் கடலைத் தொட முடியும். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தாலோ, கடல் ஏற்றமாக இருந்தாலோ, தண்ணீர் காத்திருக்க வேண்டும். காத்திருக்க இடம் வேண்டும் அல்லவா? அந்த இடம்தான் பள்ளிக்கரணை. மழையில் பரந்து கோடையில் சுருங்கி, நாளும் பொழுதும் எல்லை மாறிக்கொண்டே இருப்பது அதன் சுபாவம். எல்லை மாறும் ஒன்றைப் பட்டாவில் எப்படி எழுதுவது? வருவாய்த்துறைப் பதிவேட்டில் கழுவேலி என்றும் புறம்போக்கு என்றும் எழுதி வைத்தார்கள். பயிர் விளையாத, வரி வராத நிலம். வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கில் அது வீண் நிலம். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை.

ஒரு காலத்தில் அதன் பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். இன்று சதுப்பாக மிஞ்சியிருப்பது 700 ஹெக்டேருக்குள். ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது.

மிஞ்சியதிலும் என்ன இருக்கிறது என்பதை ஒரு தை மாதக் காலையில் துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலையோரம் நின்று பார்க்கலாம். பேருந்தின் ஹாரனைப் பொருட்படுத்தாமல் சம்புப் புல்லின் ஓரத்தில் ஒரு நீலத்தாழைக்கோழி நடந்துகொண்டிருக்கும். கோழியின் உடம்பு, கருநீலமும் ஊதாவும் கலந்த நிறம், நெற்றிவரை ஏறிய சிவப்பு அலகு. சம்புத் தண்டை ஒரு காலால் பிடுங்கி, அதே காலில் பிடித்துக்கொண்டு, அடிக்குருத்தைக் கடித்துத் தின்னும். மிதக்கும் இலைகளின் மேல் நீண்ட விரல்களைப் பரப்பி நடப்பது நீளவால் இலைக்கோழி. அந்தக் குடும்பத்தில் பெண் முட்டையிட்டதோடு சரி. அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆணின் பொறுப்பு. மேடவாக்கம் அடுக்ககங்களில் இந்தச் செய்தியைச் சொன்னால் மகளிர் குழு கைதட்டும். கொஞ்சம் ஆழத்தில் நாமக்கோழிகள், புள்ளிமூக்கு வாத்துகள், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள். ஓரச் சேற்றில் நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன். தண்ணீர் வற்றி உப்பு ஏறும் காலத்தில் பூநாரைகளும் வந்து நிற்பதுண்டு. கடல்நீர் மடுவு வழியாக ஓரளவு ஏறிவருவதால் ஒரு பக்கம் உவர்ப்பு, மழைநீரால் மறுபக்கம் நன்னீர். இரண்டு வகைச் செடியும் மீனும் அடுத்தடுத்து வாழும் அபூர்வம் இதனால்தான். புல்லுக்குள் கண்ணாடி விரியனும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்களை இங்கே பதிவு செய்திருக்கிறார்கள், ஒரு பெருநகரத்தின் குப்பைமேட்டுக்கும் ஐ.டி. பூங்காவுக்கும் நடுவில்.

சுற்றியுள்ள கிராமத்து மக்களுக்கு இது வீண் நிலமாக ஒருபோதும் இருந்ததில்லை. கோரை அறுத்தார்கள். கூரைக்குப் புல் எடுத்தார்கள். வலை வீசி விராலும் கெளுத்தியும் பிடித்தார்கள். கோடையில் தண்ணீர் பின்வாங்கிய தரையில் மாடு மேய்த்தார்கள். ஏரிகளின் ஆயக்கட்டில் நெல் விளைந்தது. மடையைத் திறக்கவும் மூடவும் ஆள் இருந்தது. வரத்துக்கால்வாய் தூர்ந்தால் ஊர் கூடி மண்வெட்டியோடு இறங்கிய காலமும் இருந்தது. அவர்கள் பேரில் பட்டா இல்லை. எனவே நிலம் கைமாறியபோது அவர்களைக் கேட்க வேண்டிய அவசியமும் யாருக்கும் ஏற்படவில்லை. ஏரி பாசனத்துக்கு இனிமேல் தேவையில்லை என்று முடிவானதும் மடையும் கலங்கலும் யாருக்கும் வேண்டாதவை ஆயின. சென்னையின் தென்பகுதி ஏரிகள் இறந்தது வெள்ளத்தால் அல்ல, வயல் போனதால். வயல் போனபின் ஏரி என்பது மேட்டில் நிற்கும் காலி மனை. சதுப்பு என்பது பள்ளத்தில் கிடக்கும் காலி மனை. அப்படித்தான் பார்த்தோம்.

குப்பையிலிருந்து தொடங்குகிறேன், அதில் எல்லோருக்கும் பங்கு இருப்பதால். வேளச்சேரிக்கே வராத மயிலாப்பூர்க்காரருக்கும் அடையாறுக்காரருக்கும் பங்கு உண்டு. சென்னையின் வடபாதிக் குப்பை கொடுங்கையூருக்கு, தென்பாதிக் குப்பை பெருங்குடிக்கு என்பது பல பத்தாண்டுகளாக நகரத்தின் ஏற்பாடு. எண்பதுகளிலிருந்து பெருங்குடியில் கொட்டியது சதுப்பின் மேலேயேதான். பள்ளத்தை நிரப்பினால் குப்பைக்கும் இடம் கிடைத்தது, நிலமும் கிடைத்தது என்று அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகக்கூடத் தெரிந்திருக்கும். அடியில் களிமண், அதன் மேல் தண்ணீர், அதன் மேல் நாம் தின்ற, உடுத்திய, உடைத்த சகலமும். இருநூறு ஏக்கருக்கும் மேல் குப்பை பரவியது. மழையில் அதிலிருந்து கரும்சாறு வடிந்து நீரில் கலக்கும். கோடையில் உள்ளே தேங்கிய மீத்தேன் பற்றிக்கொள்ளும். மாதக்கணக்கில் கனன்று, பள்ளிக்கரணை, பெருங்குடி, வேளச்சேரி வீடுகளுக்குள் புகை வரும். குழந்தைகளுக்கு இழுப்பு, முதியவர்களுக்கு இருமல்.

புகைக்கு எதிராகச் சுற்றுவட்டாரக் குடியிருப்போர் சங்கங்கள் போராடின, நீதிமன்றம் போயின. அது நியாயமான போராட்டம். அதை மட்டமாகப் பேச மாட்டேன். ஆனால் அப்போது நாம் வைத்த கோரிக்கையைத் திரும்பப் படித்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. குப்பைமேட்டை இங்கிருந்து மாற்று என்றோம். எங்கே மாற்றுவது என்று சொல்லவில்லை. நம் வீட்டுக் குப்பையில் பாதி மக்கும் குப்பை, அதை அடுக்ககத்திலேயே உரமாக்கிக்கொள்கிறோம், லாரியில் ஏற்ற மாட்டோம் என்று ஒரு சங்கமாவது சேர்த்துச் சொல்லியிருந்தால் வேறு கதை. வேறொரு கிராமத்துச் சதுப்பு, வேறொருவர் மூச்சு என்றால் பரவாயில்லை என்பதுதான் அந்தக் கோரிக்கையின் உள்ளர்த்தம்.

இன்று அந்தக் குப்பைமேட்டை பயோமைனிங் முறையில் தோண்டிப் பிரிக்கிறார்கள். பெரிய உருளைச் சல்லடை சுழல்கிறது. நைந்த மண் ஒரு பக்கம் உதிர்கிறது; கல்லும் செங்கல்லும் ஒரு பக்கம்; இலேசானவை இன்னொரு பக்கம் பறந்து விழுகின்றன. நாற்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்தாலும் எண்ணெய்ப் பாக்கெட், பால் கவர், ஒற்றைச் செருப்பு, ஜவுளிக்கடைப் பை எல்லாம் அடையாளம் தெரிகிற மாதிரியே வெளியே வருகின்றன. அவற்றை மூட்டையாக அழுத்திக் கட்டி சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். அந்த சிமென்ட் எங்கே போகிறது என்று கேட்டால் வேறொரு கட்டுரையாகிவிடும்.

அடுத்து அரசு செய்தது. இதில் ‘நாம்’ எங்கே வந்தோம் என்று கேட்கலாம். வரி கட்டியவர்கள், ஓட்டுப் போட்டவர்கள், கட்டடம் திறந்தபோது பெருமைப்பட்டவர்கள் என்ற வகையில் வருகிறோம். கடலை ஆராயும் தேசிய நிறுவனமும், காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதை ஆராயும் தேசிய நிறுவனமும் சதுப்பு நிலத்தின் மேல்தான் எழுந்தன. அறிவியலாளர்களுக்கே அது காலி இடமாகத் தெரிந்தது என்றால் புரோக்கரை என்ன சொல்வது? பறக்கும் ரயில் பாதை வந்தது, நிலையங்கள் வந்தன. ரேடியல் சாலை சதுப்பை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் அங்கேயே வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ரயில் வேண்டும், சாலை வேண்டும், ஆராய்ச்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தைக் கை காட்டினோம். காரணம் எளிது: அங்கே நிலத்துக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். நாமக்கோழிக்கு வக்கீல் இல்லை.

மனை விஷயத்துக்கு வருவோம். அதுதான் நெஞ்சைக் குத்துவது.

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததும் தெற்கு நோக்கி ஒரு ஓட்டம் பிடித்தது. வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று ஒவ்வொரு வருஷமும் எல்லை தள்ளிக்கொண்டே போனது. வங்கிக் கடன் கிடைத்தது. வாங்குவதற்கு முன் நாம் என்னவெல்லாம் பார்த்தோம்? தாய்ப்பத்திரம் பார்த்தோம். முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். பட்டா, அப்ரூவல் பிளான், வங்கி வக்கீலின் ஒப்பீனியன். வாஸ்துக்காரரையும் அழைத்து, ஈசானிய மூலையில் தண்ணீர் இருக்க வேண்டும் என்றதும் சம்ப்பை அந்த மூலைக்கு மாற்றினோம். நாலு மூலையிலும் தண்ணீர் இருந்த இடம் அது என்பதை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. மழைநீர் எந்தப் பக்கம் வடியும், பக்கத்து ஏரியின் கலங்கல் எங்கே, உபரிக்கால்வாய் எந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்ற கேள்விகளுக்கு நாம் கேட்டு வாங்கிய எந்தக் காகிதத்திலும் பதில் இல்லை. தெரியாமல் வாங்கினோம் என்று பின்னால் சொன்னோம். முழுப்பொய் இல்லைதான். ஆனால் பக்கத்துத் தெருவைவிட அங்கே விலை ஏன் குறைவு என்பது உள்ளுக்குள் எல்லோருக்கும் தெரியும். “மண்ணடிச்சு நாலடி ஏத்திட்டோம் சார், இனிமே தண்ணி நிக்காது” என்று புரோக்கர் சொன்னபோது தலையாட்டினோம். நம் மனையில் நிற்காத தண்ணீர் பிறகு யார் மனையில் நிற்கும் என்று கேட்டோமா?

அதில் ஒரு சோகமான வேடிக்கை, சதுப்பைப் பார்த்த பால்கனி என்றால் சதுர அடிக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தோம். பறவையைப் பார்க்கப் பணம் கொடுத்தோம். பறவை இருந்த இடத்துக்கும் சேர்த்தே கொடுத்தோம்.

விதியை மீறியவர்களுக்கு வழியும் இருந்தது. அனுமதி இல்லாத கட்டடங்களைத் தொண்ணூறுகளின் கடைசியில் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவில் வரன்முறை செய்தார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளுக்கு 2017-இல் ஒரு வரன்முறைத் திட்டம் வந்தது. ‘இது கடைசி வாய்ப்பு’ என்று ஒவ்வொரு முறையும் விளம்பரம். இன்னொரு வாய்ப்பு வரும் என்பது நமக்குத் தெரியும். வரும்வரை காத்திருந்தோம்.

பத்திரிகைகளின் பங்கையும் ஒளிக்க வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் மழைக்கால வெள்ளப் படம் போட்டோம். அதே வாரத்து வீடு-மனை இணைப்பிதழில் அதே பகுதியில் ‘இயற்கை எழில் சூழ்ந்த’ அடுக்ககத்துக்கு முழுப்பக்க விளம்பரம் போட்டோம். இரண்டும் ஒரே இடம் என்று வாசகருக்கு ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரம் விளம்பரம் வராது.

சொல்லவே சங்கடமான பகுதி ஒன்று உண்டு. கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டவர்கள் நீர்வழியை ஆக்கிரமித்துவிட்டார்கள் என்று சொல்லி நகரம் அவர்களை அப்புறப்படுத்தியது. எங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினோம்? 2000-லிருந்து ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகரில், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில். மூன்றும் இதே வடிநிலத்தின் தாழ்வான பகுதிகள். ஆற்றங்கரையில் வெள்ளம் வரும் என்று கிளப்பி, சதுப்பங்கரையில் வெள்ளம் வருகிற இடத்தில் இறக்கினோம். வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. அவர்கள் குடிசைக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர் வைத்தோம். சில கிலோமீட்டர் தள்ளி அதே சதுப்பைத் தூர்த்து எழுந்த நம் பதினான்கு மாடிக்கு ‘புராஜெக்ட்’ என்று பெயர்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அந்தத் தண்ணீர் வழக்கமான வழியிலேயே இறங்கி வந்தது. வழியில் ஏரிகள் பாதி இல்லை. வேளச்சேரி ஏரியில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தது. காத்திருக்க இடமில்லாத தண்ணீர் நம் தரைத்தளங்களில் காத்திருந்தது. படகில் வந்து பால் பாக்கெட் கொடுத்த மீனவர்களை அந்த வாரம் முழுக்கக் கொண்டாடினோம், நியாயமாகவே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே தெருக்கள், அதே படகுகள். நிவாரணம் 6,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். தகுதி உண்டா இல்லையா என்று ரேஷன் கடை வரிசையில் நின்றோம். அந்தப் புயலில் வேளச்சேரியை ஒட்டி, கட்டடம் கட்டத் தோண்டிய பெரும்பள்ளம் சரிந்து இரண்டு தொழிலாளர்கள் அதில் இறந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நாம் செய்தது இதுதான்: வாசற்படியை உயர்த்தினோம். தெரு சங்கம் கவுன்சிலரைப் பார்த்து சாலையை உயர்த்தச் சொன்னது. சாலை உயர்ந்ததும் பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போயின. அவர்கள் வாசற்படியை உயர்த்தினார்கள். தண்ணீர் வெளியேற மோட்டார் வாங்கிப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளினோம். ஊரே நாலடி உயர்ந்துவிட்டது, சதுப்பைத் தவிர. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுருங்கி.

அக்கறை உள்ளவர்கள் யாரும் இல்லை என்று சொன்னால் அதுவும் இன்னொரு அலட்சியம். பறவை பார்க்கிறவர்கள் பல வருஷமாகக் கணக்கெடுத்தார்கள். கேர் எர்த் அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்றவர்கள் இங்கே என்னென்ன உயிர்கள் உண்டு, எவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாக ஆய்வு செய்து, அரசின் மேசைக்குக் கொண்டுபோனார்கள். அதன் பலனாக 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022-இல், மிஞ்சிய சதுப்போடு அதை ஒட்டிய நிலமும் சேர்த்து 1,247.54 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025-இல் ஈரநிலங்களை விவேகமாகப் பயன்படுத்தும் பணிக்கான ராம்சர் விருது ஜெயஸ்ரீக்குக் கிடைத்தது. இந்தியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர். நம்மில் பலர் அவர் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணைக்குக் குறிக்கப்பட்ட தேதி 2022 ஏப்ரல் 8. அதே ஏப்ரலின் கடைசி வாரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. ஒரே மாதம், ஒரே நிலம். ஜூலையில் அறிவிப்பு வெளியானபோது பூநாரைப் படத்தோடு பெருமிதப் பதிவுகள் போட்டோம். புகையைப் பற்றிப் பேசிய பதிவுகள் அதற்குள் கீழே போய்விட்டன.

பட்டியலில் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் நம் சமீபத்திய அலட்சியம். 1,247 ஹெக்டேருக்குள் எந்தெந்த சர்வே எண்கள் வருகின்றன என்று களத்தில் அளந்து தெளிவாக்கும் வேலை மூன்று வருஷம் கழித்தும் முடியவில்லை. அந்த இடைவெளியில் கட்டட அனுமதிகள் பற்றிச் சர்ச்சைகள் எழுந்தன. 2025-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சர் பகுதிக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய அனுமதி கூடாது என்றது. சதுப்பு தப்பித்தது என்று எத்தனை பேர் மகிழ்ந்தோம்? நம் வாட்ஸப் குழுக்களில் முதலில் ஓடியது நிலத்தின் விலை இறங்குமா, வங்கி கடன் கொடுக்குமா என்ற கவலைதான். வாழ்நாள் சேமிப்பைப் போட்டவனின் கவலை அது. கேலி செய்ய மனம் வரவில்லை. என்றாலும் எல்லை எது என்று 2022-லேயே கேட்டு வாங்கியிருந்தால் இந்தக் கவலை பாதியாகியிருக்கும். புதிதாக வாங்குகிறவராவது தெரிந்து வாங்கியிருப்பார்.

இனி இந்தப் பகுதிக்குப் புதிதாக யாரும் வர வேண்டாம் என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. நாம் வந்த பிறகு கதவைச் சாத்தச் சொல்வதாக ஆகும். ஆனால் இருக்கிற 700 ஹெக்டேரில் இன்னொரு சென்ட்கூடக் குறையக் கூடாது என்று சொல்லும் கடமை, அதைக் குறைத்தவர்களுக்குத்தான் அதிகம்.

மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022-லிருந்து நடக்கின்றன. நாற்காலி பெரும்பாலும் காலி. அடுத்த கூட்டத்துக்கு, அடுக்ககத்துக்கு இரண்டு பேர் போங்கள். தெருவிளக்கையும் சாலையையும் அன்று ஒருநாள் ஒத்திவையுங்கள். மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். நம் குடியிருப்பின் கழிவுநீர் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? நம் பகுதி ஏரியின் உபரிக்கால்வாய் எந்தெந்த சர்வே எண்கள் வழியாகச் சதுப்புக்குப் போகிறது, அதில் இன்று என்ன இருக்கிறது? ராம்சர் எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது? முதல் கேள்விக்கான பதிலில் பாதி நம் சங்கத்தின் செலவுக் கணக்கிலேயே இருக்கும். கூட்டத்துக்குப் போவதற்கு முன் அதை எடுத்துப் பாருங்கள்.